பழைய வேன்களில் கிளட்ச், கியர்பெட்டித் தாங்கிகளைச் சீர்செய்தல்

கிளட்ச், கியர்பெட்டித் தாங்கிகளைச் சீர்செய்தல் என்பது, நீண்ட காலம் ஓடிய வண்டி ஒன்றில் எந்திரத்துக்கும் சக்கரங்களுக்கும் இடையே சுழலும் தண்டுகளைத் தாங்கி நிற்கும் உருள் தாங்கிகளின் தேய்வைக் கண்டறிந்து, தேய்ந்தவற்றை அகற்றி, புதியவற்றைப் பொருத்தும் பணியாகும். தாங்கியைப் பணிமனைகளில் பேரிங் என்றே வழங்குவர். தாங்கி என்பது விலை குறைந்த ஒரு பொருள். ஆனால் அதை எட்டுவதற்கு எந்திரத்தையோ கியர்பெட்டியையோ முழுதாக இறக்க வேண்டியிருப்பதால், இப்பணியின் செலவில் பெரும்பங்கு உழைப்புக்கே செல்கின்றது. எனவே வண்டியைப் பிரிப்பதற்கு முன்னரே எந்தத் தாங்கி கெட்டுள்ளது என அறிவதும், பிரித்த பின்னர் அது ஏன் கெட்டது என அறிவதும் இப்பணியின் இரு முதன்மைப் பகுதிகளாகின்றன. இரண்டாவதைச் செய்யாமல் தாங்கியை மட்டும் மாற்றினால், புதிய தாங்கியும் பழையதன் வழியிலேயே செல்லும்.

எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படும் வண்டி

இக்கட்டுரை ஃபோக்ஸ்வேகன் நிறுவனத்தின் டைப் 2 வேனின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றது. டைப் 2 வேன் 1950 இல் செருமனியின் வொல்ஃப்ஸ்பர்க் நகரில் உற்பத்திக்கு வந்தது. 1956 முதல் அது அனோவர் நகரில் இதற்கெனக் கட்டப்பட்ட தொழிற்சாலையில் உருவாக்கப்பட்டது. வளைந்த ஒற்றை முகப்புக் கண்ணாடி கொண்ட இரண்டாம் தலைமுறை 1967 இல் வெளிவந்து, செருமனியில் 1979 வரை தொடர்ந்தது. பிரேசிலில் கோம்பி என்ற பெயரில் இவ்வகை 2013 இறுதி வரை உருவாக்கப்பட்டது. அங்கும் காற்றால் குளிரும் எந்திரம் 2005 உடன் நிறுத்தப்பட்டு, நீரால் குளிரும் எந்திரம் பொருத்தப்பட்டது. ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் பல இன்றும் ஓடுவதாலும், உரிமையாளர்கள் தாமே பழுதுபார்க்கும் வழக்கம் இவ்வண்டியைச் சுற்றி வளர்ந்திருப்பதாலும் இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

இதன் எந்திரம் வண்டியின் பின்புறத்தில் உள்ளது. எந்திரத்துக்கு முன்னால் கிளட்ச், அதற்கு முன்னால் பின்னச்சு வேறுபாட்டுப் பற்சக்கரத் தொகுதி, அதற்கும் முன்னால் நான்கு வேகக் கியர்கள் என்ற வரிசையில் பாகங்கள் அமைந்துள்ளன. வேறுபாட்டுத் தொகுதியும் கியர்களும் மக்னீசியக் கலப்புலோகத்தாலான ஒரே கூட்டினுள் அடங்கியுள்ளன. எந்திரத்தின் திருப்புவிசையைக் கொணரும் உள்ளீட்டுத் தண்டு, வேறுபாட்டுத் தொகுதியைத் தாண்டி நீண்டு சென்று கியர்களை அடைகின்றது. இத்தண்டின் நீளம், பின்வரும் பகுதிகளைப் புரிந்துகொள்ள நினைவில் வைக்க வேண்டிய ஒன்றாகும்.

தாங்கிகளும் அவற்றின் இடங்களும்

கிளட்சைச் சார்ந்து இரண்டு தாங்கிகள் உள்ளன. முதலாவது விடுவிப்புத் தாங்கி. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது இது முன்னகர்ந்து, சுழன்றுகொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டின் மையத்தை அழுத்தி, கிளட்ச் தட்டின் மீதான பிடியைத் தளர்த்துகின்றது. சுழலாத ஒரு கவையின் விசையைச் சுழலும் ஒரு தகட்டுக்கு மாற்றுவதே இதன் வேலை. இரண்டாவது வழிகாட்டித் தாங்கி. பைலட் பேரிங் என்பதே பலரும் அறிந்த பெயர். இது உள்ளீட்டுத் தண்டின் நுனியை எந்திரத்தின் மையத்தோடு நேர்கோட்டில் பிடித்து வைக்கின்றது. 1600 கன செ.மீ. எந்திரத்தில் இது ஃப்ளைவீலை இறுக்கும் பெரிய மரைக்குள்ளேயே அடங்கிய சிறிய ஊசித் தாங்கியாகும்.

கியர்பெட்டியினுள் உள்ளீட்டுத் தண்டு, இறுதிச் சிறுபற்சக்கரத்தைச் சுமக்கும் வெளியீட்டுத் தண்டு, வேறுபாட்டுத் தொகுதி ஆகிய மூன்றையும் தாங்கும் தாங்கிகள் உள்ளன. உள்ளீட்டுத் தண்டின் முன்முனையைப் பந்துத் தாங்கியும், வெளியீட்டுத் தண்டின் சிறுபற்சக்கர முனையை இரட்டைக் கூம்புருளைத் தாங்கியும், வேறுபாட்டுத் தொகுதியின் இருபக்கங்களையும் கூம்புருளைத் தாங்கிகளும் ஏற்கின்றன. இடையிடையே ஊசித் தாங்கிகள் உள்ளன. வளையக் கூட்டினுள் ஊசிகளை ஒழுங்காக நிறுத்தும் முறையை 1949 இல் செருமானியரான கேயார்க் ஷேஃப்லர் உருவாக்கினார். குறுகிய இடத்தில் மிகுந்த சுமையைத் தாங்க வேண்டிய கியர்பெட்டிகளுக்கு இது பெரிதும் பயன்பட்டது. கூம்புருளைத் தாங்கிக்கு அமெரிக்கரான என்றி டிம்கென் 1898 இல் காப்புரிமை பெற்றார். சாய்பல் சக்கரங்கள் தண்டைக் குறுக்காக மட்டுமன்றி நீளவாக்கிலும் தள்ளுவதால், இரு திசைச் சுமையையும் ஏற்கும் இவ்வகை இல்லாமல் கியர்பெட்டி நெடுங்காலம் உழைக்காது.

தேய்வின் காரணங்கள்

முறையாகப் பொருத்தப்பட்டு மசகு பெற்ற தாங்கியும் என்றேனும் ஒருநாள் உலோகக் களைப்பால் ஓயும். அதன் ஆயுளைக் கணிக்கப் பொறியாளர்கள் எளிய ஒரு தொடர்பைப் பயன்படுத்துகின்றனர். பந்துத் தாங்கியின் ஆயுள், சுமையின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் அமைகின்றது. சுமை இருமடங்கானால் ஆயுள் எட்டில் ஒன்றாகும். சுமை பத்து விழுக்காடு மட்டுமே கூடினாலும் ஆயுளில் ஏறத்தாழ கால்பங்கு குறைந்துவிடும். உருளைத் தாங்கிகளில் இந்த அடுக்கு 10/3 என்பதால், சுமை இருமடங்கானால் ஆயுள் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும். இருவர் பயணிக்கும் வேனைப் பொருள்களால் நிறைத்து மலைப்பாதையில் ஓட்டுவோர் கருத்திற்கொள்ள வேண்டிய கணக்கு இது.

ஆயினும் பழைய வண்டிகளிலிருந்து எடுக்கப்படும் தாங்கிகளில் பல, உலோகக் களைப்பால் ஓய்ந்தவை அல்ல. எண்ணெய் குறைந்ததாலோ, அதில் நீரும் உலோகத் துகளும் கலந்ததாலோ, பொருத்தும்போது சுத்தியலால் அடிபட்டதாலோ கெட்டவையாகவே அவை இருக்கும். பழைய தாங்கியை உடனே குப்பையில் எறியாமல் கழுவி, வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது. ஓடுபாதையில் செதில் செதிலாக உலோகம் பெயர்ந்திருந்தால் அது களைப்பு அல்லது மிகைச்சுமை. பந்துகளின் இடைவெளிக்கு ஏற்பச் சீரான சிறு குழிகள் இருந்தால், பொருத்தும்போது பந்துகளின் வழியாக அடித்திருக்கின்றனர் எனலாம். நீலம் அல்லது பழுப்பு பாய்ந்திருந்தால் மசகு இன்றிச் சூடேறியுள்ளது. பல ஆண்டுகள் ஓடாமல் கொட்டகையில் நின்ற வண்டியின் தாங்கிகளில் உருளைகள் தங்கிய இடங்களில் மட்டும் துருக்கோடுகள் காணப்படும். மைலேச்சு குறைவு என்று நம்பி வாங்கிய வண்டியின் கியர்பெட்டி முதல் வாரத்திலேயே ஊளையிடுவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

விடுவிப்புத் தாங்கியின் ஆயுள் ஓட்டுநரின் இடது காலைப் பொறுத்தது. மிதிமீது காலை ஓய்வாக வைத்தபடி ஓட்டினால், சில நொடிகள் மட்டும் உழைக்க வேண்டிய தாங்கி பயணம் முழுவதும் சுமையோடு சுழலும். மிதியில் விட வேண்டிய தளர்வு இல்லாதபோதும் இதுவே நிகழ்கின்றது. டைப் 2 வேனில் மிதியின் இயக்கம் நீண்ட எஃகுக் கம்பிவடம் ஒன்றின் வழியாகப் பின்புறம் செல்கின்றது. கிளட்ச் தட்டு தேயத் தேய இத்தளர்வு குறைந்துகொண்டே வரும் என்பதால், மிதியில் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. தளர்வு இருக்கின்றதா என அவ்வப்போது சோதித்துச் சீர்செய்ய வேண்டும். இது சில நிமிட வேலை. விட்டுவிட்டால் எந்திரத்தை இறக்க நேரிடும்.

ஒலியைக் கொண்டு கண்டறிதல்

எந்தெந்த நிலையில் எந்தெந்தத் தண்டு சுழல்கின்றது என்பதை அறிந்தால், ஒலி தோன்றி மறையும் நேரத்தைக் கொண்டே கெட்ட தாங்கியைப் பெரும்பாலும் இனங்காணலாம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைத்தடையை இட்டு, எந்திரத்தை மெதுவாக ஓடவிட வேண்டும்.

கியர் நடுநிலையிலும் மிதி மேலேயும் இருக்கையில் கிளட்ச் தட்டும் உள்ளீட்டுத் தண்டும் எந்திரத்தோடு சேர்ந்து சுழல்கின்றன. வெளியீட்டுத் தண்டு அசைவதில்லை. இந்நிலையில் எழும் உறுமல், மிதியை முழுதாக அழுத்தியதும் மறைந்துவிட்டால், உள்ளீட்டுத் தண்டின் தாங்கியே ஐயத்துக்குரியது.

மாறாக, அமைதியாக இருந்த வண்டியில் மிதியின் தளர்வு தீரும் அளவுக்கு மெல்ல அழுத்திய கணத்திலேயே கீச்சொலி தொடங்கினால், அது விடுவிப்புத் தாங்கி. மேலும் அழுத்த அழுத்த ஒலி மாறுவதையும் கேட்கலாம்.

மிதியை முழுதாக அழுத்தி முதல் கியரை இட்ட பின்னரே ஒலி எழுந்தால் வழிகாட்டித் தாங்கியை நோக்க வேண்டும். அப்போது உள்ளீட்டுத் தண்டு நின்றுவிட, ஃப்ளைவீல் மட்டும் அதன் நுனியைச் சுற்றிச் சுழல்கின்றது. மற்ற நேரங்களில் இரண்டும் ஒரே வேகத்தில் சுழல்வதால் இத்தாங்கிக்கு வேலையே இல்லை. எனவே ஒலியும் இல்லை. இத்தாங்கி இறுகிப்போனால் மிதியை அழுத்தியும் தண்டு நிற்காமல் இழுபடும். கியர் மாற்றும்போது பற்கள் உரசும். பலர் இதைக் கிளட்சின் குறை எனக் கருதித் தட்டை மட்டும் மாற்றிவிடுகின்றனர்.

நிற்கும்போது அமைதியாகவும் ஓடும்போது எல்லாக் கியர்களிலும் ஊளையாகவும் இருந்தால் வெளியீட்டுத் தண்டு அல்லது வேறுபாட்டுத் தொகுதியின் தாங்கிகளைக் கருதலாம். முடுக்கும்போது ஓரொலியும் முடுக்கியை விட்டதும் வேறொலியும் கேட்பது சிறுபற்சக்கரத்தின் தாங்கி தளர்ந்ததற்கு அறிகுறி. வளைவுகளில் திரும்பும்போது மட்டும் ஒலி மாறினால், கியர்பெட்டியைத் தொடும் முன் சக்கரத் தாங்கிகளைச் சோதிப்பதே அறிவுடைமை.

1600 எந்திரத்தில் குளிர்விக்கும் விசிறியும் மின்னாக்கியும் ஒரே பட்டையால் இயங்குகின்றன; அவற்றின் தாங்கி ஒலியும் கியர்பெட்டியின் ஒலிபோலவே கேட்கும். பட்டையைக் கழற்றிவிட்டு எந்திரத்தைச் சில நொடிகள் மட்டும் ஓட்டிப் பார்த்தால் ஐயம் தீரும். குளிர்விப்பு இல்லாததால் அதற்குமேல் ஓட்டக் கூடாது.

கியர்பெட்டி எண்ணெயும் ஒரு சான்று. வடிப்பு மூடியின் காந்தத்தில் மென்மையான சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பான தேய்வு. காந்தம் ஈர்க்காத மஞ்சள் துகள்கள் கியர்களை ஒத்திசைக்கும் வெண்கல வளையங்களிலிருந்து வருபவை. விரலில் குத்தும் எஃகுச் செதில்கள் இருந்தால் வண்டியை மேலும் ஓட்டுவது சரியன்று. தாங்கி தளர்ந்தால் தண்டு விலகும்; தண்டு விலகினால் பற்கள் முழு அகலத்தில் பொருந்தாமல் ஓரங்களில் சுமையை ஏற்று உடையும். மக்னீசியக் கூட்டிலுள்ள தாங்கியின் இருக்கையும் உரசிப் பெரிதாகிவிட்டால், ஒரு தாங்கியின் விலையில் முடிய வேண்டியது முழுக் கியர்பெட்டியின் விலையாகும்.

எந்திரத்தை இறக்குதல்

டைப் 2 வேனில் கிளட்சை எட்ட எந்திரத்தையே பின்னோக்கி இழுத்துக் கீழிறக்க வேண்டும். இந்தியாவில் 1984 முதல் 2019 வரை உருவாக்கப்பட்டு, பின்னாளில் ஆம்னி எனப் பெயர் பெற்ற மாருதி வேனில் எந்திரம் முன்னிருக்கைகளின் அடியிலும் இயங்கு சக்கரங்கள் பின்புறத்திலும் உள்ளன. அதுபோன்ற அமைப்பில் நீள்தண்டைக் கழற்றி, கியர்பெட்டியைக் கீழே இறக்கிக் கிளட்சை எட்டுவர்.

முதலில் மின்கலத்தின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். எரிபொருள் தொட்டி எந்திர அறைக்கு முன்னால் உயரத்தில் இருப்பதால், குழாயை அடைத்த பின்னரே கழற்ற வேண்டும். பின்னர் மின்கம்பிகள், முடுக்கி வடம், வெப்பக் குழாய்கள், இறுதியாக எந்திரத்தையும் கியர்பெட்டியையும் இணைக்கும் நான்கு பிணைப்புகள். எந்திரம் நூறு கிலோகிராமுக்கும் மேற்பட்ட எடையுடையது. வண்டியை ஜாக்கியின் மீது மட்டும் நிறுத்தி அதன்கீழ் எவரும் படுக்கக் கூடாது. உறுதியான தாங்குகால்கள் கட்டாயம். கியர்பெட்டி தொங்கிவிடாமல் அதற்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். எந்திரத்தை நேராகப் பின்னிழுத்து, உள்ளீட்டுத் தண்டு முழுதாக வெளிவந்த பிறகே இறக்கலாம். பாதி வழியில் எந்திரத்தின் எடை தண்டின்மேல் தொங்கினால் கிளட்ச் தட்டு கோணிவிடும். பொருத்தும்போதும் இதே எச்சரிக்கை தேவை.

கிளட்ச் அறையிலுள்ள கரும்பொடியை ஊதித் தள்ளக் கூடாது. அக்காலத்துக் கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சில் கல்நார் கலப்பது வழக்கமாக இருந்தது. கல்நார் இழைகள் நுரையீரலில் தங்கிப் பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோயை உண்டாக்குபவை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் இதன் பயன்பாட்டை முற்றாகத் தடை செய்துள்ளது. எனினும் பழைய வண்டியின் உள்ளிருக்கும் பொடிக்குச் சட்டம் தெரியாது. ஈரத்துணியால் துடைத்து, துணியை உறையிலிட்டுக் கட்டி அகற்றுவதே பாதுகாப்பான முறை.

கிளட்ச் பகுதித் தாங்கிகளை மாற்றுதல்

விடுவிப்புத் தாங்கி இவ்வண்டிகளில் இரு வகையில் வந்துள்ளது. 1970 வரையான மாதிரிகளில் தாங்கி கவையின்மீது இரு கவ்விகளால் நிற்கும். அதற்கேற்பப் பிரஷர் பிளேட்டின் மையத்தில் ஒரு வளையம் இருக்கும். 1971 மாதிரி முதல் கியர்பெட்டியில் பொருத்தப்பட்ட குழல்மீது தாங்கி சறுக்கிச் செல்லும். பிரஷர் பிளேட்டில் வளையம் இராது. இரண்டையும் கலந்து பொருத்தக் கூடாது. பழைய வண்டிகளில் கியர்பெட்டி எப்போதோ மாற்றப்பட்டிருக்கக்கூடும் என்பதால், வண்டியின் ஆண்டை நம்பிப் பாகம் வாங்குவதைவிட உள்ளிருப்பதைப் பார்த்து வாங்குவது மேல். விடுவிப்புத் தாங்கியைப் பெட்ரோலில் கழுவும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அது உள்ளே அடைக்கப்பட்ட மசகைக் கரைத்துவிடுவதால், நல்ல தாங்கியும் அதோடு வீணாகும்.

1600 எந்திரத்தில் வழிகாட்டித் தாங்கியை மாற்ற, ஃப்ளைவீலின் 36 மி.மீ. மரையையே மாற்றுவது எளிது. அம்மரையை இறுக்க வேண்டிய திருப்புவிசை ஏறத்தாழ 343 நியூட்டன் மீட்டர். அதாவது ஒரு மீட்டர் நீளக் கோலின் நுனியில் 35 கிலோகிராம் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். சாதாரண ஸ்பேனரால் இது இயலாது. குறைவாக இறுக்கினால் ஃப்ளைவீல் தளர்ந்து, மாற்றித்தண்டின் முனையையே சிதைக்கும். புதிய ஊசித் தாங்கியில் சிறிதளவு கிரீசு போதும். மிகுதியாக இட்டால் அது சிதறிக் கிளட்ச் தட்டில் படியும்.

ஃப்ளைவீல் கழன்றிருக்கையில் இரண்டு எண்ணெய்த் தடுப்பு வளையங்களையும் மாற்றிவிடுவது நல்லது. கிளட்ச் அறையில் எண்ணெய் காணப்பட்டால் அது எந்திரத்துடையதா கியர்பெட்டியுடையதா என்பதை மணமே சொல்லிவிடும். கியர்பெட்டி எண்ணெயில் கந்தக நெடி இருக்கும். மாற்றித்தண்டின் முன்பின் அசைவையும் இப்போதே அளக்கலாம். 0.07 முதல் 0.13 மி.மீ. வரை இருப்பது சரி, 0.15 மி.மீ. தேய்வின் எல்லை. ஃப்ளைவீலின் பின்னுள்ள மூன்று மெல்லிய தகட்டு வளையங்களைத் தேர்ந்தெடுத்து இவ்விடைவெளி சரிசெய்யப்படுகின்றது.

கிளட்ச் தட்டை மையப்படுத்தப் பழைய உள்ளீட்டுத் தண்டொன்று அல்லது அதே அளவில் கடைந்த மரக்கோல் போதும். பிரஷர் பிளேட்டின் திருகுகளை எதிரெதிராக, ஒவ்வொரு முறையும் ஓரிரு சுற்று என இறுக்கி, முடிவில் 25 நியூட்டன் மீட்டருக்குக் கொணர வேண்டும்.

கியர்பெட்டித் தாங்கிகள்

இதுவரை கூறியவை பொறுமையும் கருவிகளும் உள்ள எவரும் செய்யத்தக்கவை. கியர்பெட்டியைத் திறப்பது வேறு தரத்து வேலை. சிறுபற்சக்கரமும் அதனோடு பொருந்தும் பெரிய வளையச் சக்கரமும் இணையாக உருவாக்கப்பட்டவை. இரண்டும் சந்திக்கும் ஆழம் மி.மீ. இன் நூறில் சில பங்கு அளவில் தகட்டு வளையங்களால் அமைக்கப்பட்டுள்ளது. சிறுபற்சக்கரத்தின் தாங்கியை மாற்றினால் இவ்வளவை மீண்டும் அளந்து அமைக்க வேண்டும். அதற்குச் சிறப்பு அளவிகள் தேவை. கூம்புருளைத் தாங்கிகளுக்கு முன்சுமையும் தரப்பட வேண்டும். தண்டைச் சுழற்றத் தேவைப்படும் திருப்புவிசையை அளந்தே முன்சுமை கணிக்கப்படுகின்றது. குறைந்தால் தண்டு ஆடும், மிகுந்தால் தாங்கி சூடேறும். அளவிகள் இல்லாதவர் கியர்பெட்டியைத் தாமே இறக்கி, திறக்கும் வேலையை மட்டும் தேர்ந்த பணிமனைக்கு விடுவது செலவையும் குறைக்கும், பற்களையும் காக்கும்.

தாங்கியைத் தண்டில் ஏற்றும்போது விசை உள்வளையத்தின் மீதும், கூட்டில் செலுத்தும்போது வெளிவளையத்தின் மீதும் மட்டுமே செல்ல வேண்டும். பந்துகளின் வழியாக விசை செல்லக் கூடாது. கழற்றுவதற்குப் புல்லர் பயன்படுகின்றது. ஏற்றுவதற்குத் தாங்கியைச் சூடாக்குவது சிறந்த முறை. எஃகு ஒவ்வொரு பாகை செல்சியசுக்கும் தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரிகின்றது. 40 மி.மீ. உள்விட்டமுள்ள தாங்கியை 80 பாகை உயர்த்தினால் அதன் துளை ஏறத்தாழ 0.04 மி.மீ. பெரிதாகும். கைக்கு அற்பமாகத் தோன்றும் இவ்விரிவே, சுத்தியல் இன்றித் தாங்கி தண்டில் வழுக்கி இறங்கப் போதுமானது. 110 பாகை செல்சியசு அளவு போதும். 120ஐத் தாண்டக் கூடாது. மக்னீசியக் கூட்டையும் அடுப்புப்பெட்டியிலோ வெந்நீரிலோ சூடாக்கலாம். தீச்சுடரைக் காட்டுவதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் மக்னீசியச் சீவல்கள் எளிதில் தீப்பற்றி, நீரூற்றினால் மேலும் கொழுந்துவிடும்.

தாங்கியின் எண்ணை வாசித்தல்

பொதுவகைத் தாங்கிகளின் பக்கத்தில் பொறிக்கப்பட்ட எண் அவற்றின் அளவைச் சொல்கின்றது. 6205 என்பதில் 6 என்பது ஒற்றை வரிசை ஆழ்பள்ளப் பந்துத் தாங்கியையும், 2 என்பது அளவு வரிசையையும் குறிக்கும். இறுதி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம்: 05 எனில் 25 மி.மீ. இதன் வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. இறுதி இலக்கங்கள் 04 முதலே இப்பெருக்கல் செல்லும். எண்ணுக்குப் பின்வரும் சி3 என்ற குறி, உள்ளிடைவெளி வழக்கத்தைவிட மிகுதி என்பதைக் காட்டுகின்றது. சூடேறும் இடங்களுக்கென வடிவமைத்த இத்தாங்கிக்குப் பதிலாகக் குறியற்ற ஒன்றைப் பொருத்தினால், எண் ஒத்திருந்தும் அது விரைவில் இறுகிப்போகலாம். கியர்பெட்டித் தாங்கிகள் சில, தக்கவைப்பு வளையத்துக்கான பள்ளம் போன்ற தனி அமைப்புகளுடன் வருவதால் அவற்றுக்குப் பொதுவகை பொருந்தாது. புகழ்பெற்ற பெயர்களில் போலித் தாங்கிகளும் சந்தையில் உலவுகின்றன. பொறிப்பு மங்கலாகவோ விலை நம்பமுடியாத அளவு மலிவாகவோ இருந்தால் வாங்காதிருப்பது நலம்.

எண்ணெய்

இவ்வண்டியின் கியர்பெட்டிக்கு ஏறத்தாழ மூன்றரை லிட்டர் எண்ணெய் தேவை. எஸ்.ஏ.ஈ. 90 தடிமனும் ஜி.எல்.-4 தரமும் உடையது பரிந்துரைக்கப்படுகின்றது. ஜி.எல்.-5 உயர்ந்த எண் என்பதால் சிறந்தது எனக் கருதி ஊற்றுவோர் உளர். அதில் மிகுதியாகச் சேர்க்கப்படும் கந்தக, பாசுபரசு வேதிப்பொருள்கள் பற்களுக்கு நன்மை செய்தாலும், சில வகை எண்ணெய்களில் வெண்கல ஒத்திசைவு வளையங்களை அரிக்கக்கூடும். புதிய தாங்கிகள் பொருத்திய பின் முதல் சில நூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் வெளியாகும் துகள்கள் எண்ணெயில் தங்குகின்றன. அதை வடித்து, காந்தத்தைத் துடைத்து, புதிய எண்ணெய் ஊற்றிய பின்னர் வழக்கமான கால இடைவெளியைப் பின்பற்றலாம்.